சான்செஸ், ஏன் என்று தெரிய வேண்டாமா?

பாண்ட் படங்களில் எது பிடிக்கும் என்ற பேச்சு வந்தால் ஒரு பக்கம் ஷான் கானரி கட்சி, மறுபக்கம் டேனியல் கிரேக் கட்சி என்று சண்டை சூடுபிடிக்கும். ரோஜர் மூருக்கு வாதாட யாராவது ஒரு பெரியவர் வந்து சேர்ந்துகொள்வார். நான் ‘லைசென்ஸ் டு கில்’ என்பேன். “அதில் யார் பாண்ட்?” என்று கேட்பார்கள்.

டிமோதி டால்டன். 1987இல் ஒன்று, 1989இல் ஒன்று, ஆக இரண்டே படம். இரண்டாவதைத்தான் சொல்கிறேன். அமெரிக்காவில் சரியாகப் போகாத படம், அப்புறம் ஆறு வருடம் பாண்ட் படமே வரவில்லை என்று இதற்குக் கெட்ட பெயர் உண்டு. அதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதியைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும். படம் வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. கதையை ஒளிக்காமல் சொல்லப்போகிறேன்.

கதை நமக்குப் புதிதில்லை. நண்பனுக்குக் கல்யாணம். அன்றைக்கே பிடிபட்ட வில்லன் சான்செஸ் காவலில் இருந்து தப்புகிறான். மணப்பெண்ணைக் கொன்று, நண்பனைக் குற்றுயிராக்கிப் போட்டுவிட்டுப் போகிறான். ஹீரோ கிளம்புகிறான். எண்பதுகளில் வந்த தமிழ்ப் படங்களில் இந்த அச்சில் வார்த்தவை எத்தனை என்று எண்ணினால் விரல் போதாது. ஆனால் பாண்ட் உலகத்தில் இது அபூர்வம். பாண்ட் அரசாங்க உத்தியோகஸ்தர். மேலிடம் அனுப்பினால் போவார், முடித்துவிட்டு வருவார். கூட வேலை செய்தவர்கள் வழியில் செத்துப்போனால் ஒரு நிமிடம் முகம் இறுகும், அவ்வளவுதான்.

இதே இயக்குநர் ஜான் கிளென் 1983இல் எடுத்த ‘ஆக்டோபஸி’யை நினைத்துக்கொள்ளுங்கள். நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் பாண்டுக்கு இந்திய உதவியாளராக, விஜய் என்ற பெயரிலேயே வருவார். ஆட்டோ ஓட்டி, டென்னிஸ் ராக்கெட்டால் ரவுடிகளை அடித்துப் பாண்டைக் காப்பாற்றுவார். பிறகு அவரையும் கொன்றுவிடுவார்கள். படம் கொஞ்சம் வருந்திவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்தான். விஜய்க்காக யாரும் வேலையை ராஜினாமா செய்யவில்லை.

அதற்கும் முன்னால், 1981இல் கிளென் இயக்கிய முதல் பாண்ட் படம் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’. பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்த பெண் குறுக்குவில்லைத் தூக்கிக்கொண்டு கொலையாளிகளைத் தேடி அலைவாள். அவளுக்குப் பாண்ட் புத்தி சொல்வார்: பழிவாங்கக் கிளம்புமுன் இரண்டு குழி வெட்டிக்கொள் என்று சீனர்கள் சொல்வார்களாம். நான் பாதி கிரேக்கச்சி, உனக்குப் புரியாது என்பாள் அவள். எட்டு வருடம் கழித்து அதே இயக்குநர், அதே எழுத்தாளர்கள் ரிச்சர்ட் மைபாமும் மைக்கேல் ஜி. வில்சனும், அந்தப் புத்தியைச் சொன்ன ஆளையே குழி வெட்ட அனுப்புகிறார்கள்.

நண்பன் பெயர் ஃபீலிக்ஸ் லைட்டர். முதல் படத்திலிருந்தே இருக்கும் அமெரிக்க உளவாளிப் பாத்திரம்தான், ஆனால் படத்துக்குப் படம் நடிகர் மாறிக்கொண்டே இருந்ததால் யார் மனதிலும் ஒட்டவில்லை. இந்தப் படத்துக்கு மட்டும் 1973இல் ஒருமுறை லைட்டராக நடித்த டேவிட் ஹெடிசனைத் திரும்பக் கூப்பிட்டார்கள். சரியான முடிவு. முகம் தெரிந்த ஆளுக்கு அடிபட்டால்தானே நமக்கு வலிக்கும்? அவரைக் கயிற்றில் கட்டிச் சுறாத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். வீட்டுக்கு வரும் பாண்ட், முதலில் கட்டிலில் மணப்பெண் டெல்லாவைப் பார்க்கிறார். பிறகு சோபாவில் துணியில் சுற்றி வைத்த நண்பனை. மேலே ஒரு சீட்டு: தன்னைத் தின்ற ஒன்றோடு இவருக்கு ஒத்துப்போகவில்லை. இயன் ஃபிளெமிங் 1954இல் எழுதிய ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலில் இருந்து அப்படியே எடுத்த காட்சி, அந்த வாசகம் உட்பட. அதே பெயரில் படம் வந்தபோது இதைத் தொடத் துணியவில்லை. பதினாறு வருடம் கழித்துத்தான் தைரியம் வந்தது.

அந்தக் கல்யாண வீட்டில் எனக்குப் பிடித்த ஒரு நொடி உண்டு. வழக்கப்படி மணப்பெண்ணின் தொடைப்பட்டையைப் பிடிப்பவருக்கு அடுத்த கல்யாணம். டெல்லா அதைப் பாண்டிடம் வீசுகிறாள். அவர் முகம் வாடிப்போகிறது. நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா என்று அவள் கேட்க, அவருக்கும் ஒருகாலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது, ரொம்ப நாளாகிவிட்டது என்று ஃபீலிக்ஸ் சொல்கிறார். 1969 படத்தின் கடைசியில் கல்யாண ஊர்வலக் காரிலேயே சுட்டுக்கொல்லப்பட்ட டிரேசியைப் பற்றிய பேச்சு. டால்டன் அங்கே அதிகம் பேசவில்லை. ஃபிளெமிங்கின் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்து, இது களைத்துப்போன, தன் தொழிலை வெறுக்கும் ஆள் என்று முடிவுகட்டி நடித்தவர் அவர். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட் வெயிலில் அந்த முகத்தைப் பார்த்த பிறகு, மற்றது எதையும் அவர் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து மேலதிகாரி எம் வருகிறார். எழுத்தாளர் ஹெமிங்வேயின் பழைய வீட்டில் சந்திப்பு, நாலாபக்கமும் பூனைகள். இஸ்தான்புல்லில் வேலை கிடக்கிறது, நீ இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். ஃபீலிக்ஸ் ஆபத்து தெரிந்துதான் வேலைக்கு வந்தார் என்கிறார். அவர் மனைவி? என்று பாண்ட் ஒற்றைக் கேள்வி கேட்கிறார். பதில் இல்லை. ராஜினாமா செய்கிறேன் என்றதும், இது பொழுதுபோக்கு கிளப் இல்லை என்று சொல்லிக் கொல்லும் உரிமத்தை ரத்து செய்கிறார் எம். பாண்ட் காவலர்களைத் தள்ளிவிட்டு மாடியில் இருந்து குதித்து ஓடுகிறார். சுட முனையும் ஆளை, கூட்டம் அதிகம் என்று சொல்லித் தடுப்பதும் எம்தான். அது நிஜமாகவே கூட்டத்துக்காகவா என்பதை ராபர்ட் பிரௌன் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

இதுவரை நல்ல பழிவாங்கல் படம். சான்செஸின் ஊருக்குப் போன பிறகுதான் அதற்கும் மேலே போகிறது.

ராபர்ட் டேவி நடித்த ஃபிரான்ஸ் சான்செஸ் உலகத்தை அழிக்க நினைக்கும் ஆள் இல்லை. விண்வெளி நிலையம் கிடையாது, லேசர் கிடையாது. போதைப்பொருள் வியாபாரி. இஸ்த்மஸ் என்ற கற்பனை நாட்டின் அதிபர் அவன் சம்பளத்தில் இருக்கிறார். பனாமாவின் நொரியேகாவை நினைவுபடுத்தும் ஏற்பாடு. படம் வந்த அதே வருடம் டிசம்பரில் அமெரிக்கப் படை நிஜமாகவே பனாமாவுக்குள் இறங்கியது. தோளில் வைரக் கழுத்துப்பட்டை கட்டிய இகுவானா பல்லி. கொக்கைனை பெட்ரோலில் கரைத்து டேங்கர் லாரியில் அனுப்பும் தொழில்நுட்பம். விலையை அறிவிக்க, டிவியில் நன்கொடை கேட்கும் ஒரு போலிச் சாமியார். இந்தக் கடைசி விஷயத்தை எழுதியவர் கையை முத்தமிடலாம்.

ஆனால் சான்செஸின் உயிர்நாடி வேறு. அவனுக்குப் பணத்தைவிட விசுவாசம் பெரிது. சும்மா வசனமில்லை, அப்படியே நடந்தும் காட்டுகிறான். தப்பிக்க உதவும் போதைத்தடுப்பு அதிகாரி கில்லிஃபருக்கு 20 லட்சம் டாலர் என்று வாய்விட்டுச் சொன்னான். காரியம் முடிந்ததும் சூட்கேஸ் முழுதாகப் போய்ச் சேர்கிறது. இந்த மாதிரிப் படங்களில் துரோகிக்குப் பணத்துக்குப் பதில் குண்டு கொடுப்பதுதானே வழக்கம்? இவன் அப்படி இல்லை. கில்லிஃபரைச் சுறாத் தொட்டிக்கு அனுப்புவது பாண்ட்தான். கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, பாதிப் பணம் உனக்கு என்று கெஞ்சுபவன்மேல் அந்த சூட்கேஸையே தூக்கி எறிகிறார். இருவரில் யார் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவன் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கும்.

பாண்டுக்கு முதலில் தோன்றும் வழி துப்பாக்கி. எதிர்க்கட்டிடத்தில் ஏறி, பற்பசை டியூபில் வந்த வெடிமருந்தால் குண்டு துளைக்காத கண்ணாடியைப் பெயர்த்துவிட்டுக் குறிவைக்கிறார். சுட முடியவில்லை. கறுப்பு உடையில் இரண்டு பேர் மேலே பாய்ந்து கட்டிப்போடுகிறார்கள். அவர்கள் ஹாங்காங் போதைத்தடுப்புக் காவலர்கள். வியாபாரிகள் மாதிரி நடித்து சான்செஸின் கூடாரத்துக்குள் நுழைய நீண்ட காலமாக வேலை செய்துகொண்டிருப்பவர்கள். நீ ஒருவன் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்தாய் என்று கத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் சான்செஸின் படை வருகிறது. அத்தனை பேரும் சாகிறார்கள். அதோடு முடியவில்லை. சான்செஸின் பாதுகாப்புத் தலைவன் ஹெல்லரிடம் இருந்து ஸ்டிங்கர் ஏவுகணைகளைத் திரும்ப வாங்க அமெரிக்கர்கள் ரகசியமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கடிதம் வரை கையில் வந்தாயிற்று. பாண்ட் வைத்த வெடியில் ஹெல்லர் பயந்து பின்வாங்கிவிடுகிறான். அதற்கு முன்பே, படகு ஓட்டி உதவிய ஷார்க்கியின் உடல், பிடித்த சுறாக்களோடு சேர்த்துத் தலைகீழாகத் தொங்கியாயிற்று.

பாண்ட் படம் ஒன்று தன் ஹீரோவைப் பார்த்து, உன் ஆத்திரத்துக்கு அடுத்தவன் செத்தான் என்று இவ்வளவு நேரடியாகச் சொன்னது எனக்குத் தெரிந்து இதற்கு முன் இல்லை. நம்மூர்ப் பழிவாங்கல் படங்களில் ஹீரோ போகிற வழியெல்லாம் விளக்கேற்றிக்கொண்டே போவார். இங்கே தொட்ட இடமெல்லாம் நாசம்.

அப்புறம்தான் நிஜமான வேலை தொடங்குகிறது. கட்டிப்போடப்பட்டுக் கிடந்த பாண்டை, தன் எதிரிகள் பிடித்து வைத்திருந்த ஆள் என்று நினைத்துச் சான்செஸே காப்பாற்றுகிறான். தன் வீட்டில் படுக்க வைத்து, சாப்பாடு போட்டு, நண்பனே என்கிறான். அந்த அன்பு உண்மையானது. பாண்ட் அந்த மெத்தையில் உட்கார்ந்தபடி ஒரு விதையைப் போடுகிறார்: உன் கூட்டத்திலேயே ஒருவன் காசு கொடுத்து உன்னை முடிக்கப் பார்க்கிறான். பெயர் எதையும் சொல்லவில்லை. அதற்கு மேல் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. அகிரா குரோசாவாவின் ‘யோஜிம்போ’ தங்களுக்கு முன்மாதிரி என்று வில்சன் சொல்லியிருக்கிறார். வில்லனை வெளியிலிருந்து தாக்காமல், அவன் கூட்டத்துக்குள் சந்தேகத்தைத் தூவி அவனே அழியும்படி விடும் கதை.

மாட்டுகிறவன் கிரெஸ்ட், சான்செஸின் சரக்குக் கப்பலை நடத்துபவன். முன்பு பாண்ட் அவனிடம் இருந்து கிட்டத்தட்ட 50 லட்சம் டாலரைப் பறித்த விதம் வழக்கமான பாண்ட் சாகசம்: தண்ணீருக்கடியில் சண்டை, கடல் விமானத்தின் மிதவையில் ஈட்டியைப் பாய்ச்சி, அந்தக் கயிற்றைப் பிடித்து வெறுங்காலில் தண்ணீர்ச் சறுக்கு, பறக்கும் விமானத்தில் ஏறி, ஓட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் பணத்தோடு போய்விடுவது. பார்க்கும்போது நாம் விசில் அடித்த காட்சி. இப்போது கிரெஸ்ட் தன் முதலாளியிடம் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருத்தன் வந்தான், விமானத்துக்குப் பின்னால் சறுக்கிக்கொண்டே போனான், அப்புறம்... சான்செஸ் கேட்கிறான்: அப்புறம் குருவி மாதிரிப் பறந்துவிட்டானா?

அந்த இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். கிரெஸ்ட் சொல்வது அட்சரம் பிசகாத உண்மை. ஆனால் அது பாண்ட் படக் காட்சி. புத்தியுள்ள எவன் நம்புவான்? அந்த நம்பமுடியாத தன்மையையே பாண்ட் கழுத்துக் கயிறாக முறுக்குகிறார். பாண்டும் அவருக்கு உதவுபவர்களும் பணத்தைக் கொண்டுபோய்க் கிரெஸ்டின் கப்பலில், முக்குளிப்பவர்களுக்கான அழுத்த அறைக்குள் மறைத்து வைக்கிறார்கள். சான்செஸ் வந்து பார்க்கிறான். கிரெஸ்டை அதற்குள் தள்ளிக் கதவை அடைத்து, அழுத்தத்தை ஏற்றி, கோடாலியால் குழாயை வெட்டுகிறான். கண்ணாடிக்குப் பின்னால் தலை உப்பிக்கொண்டே போய்... சரி, விடுங்கள். பணமெல்லாம் ரத்தம். இதை என்ன செய்வது என்று அடியாள் கேட்க, சலவை செய் என்கிறான் சான்செஸ். கறுப்பு நகைச்சுவைக்கு முழு மதிப்பெண். ஆனால் கிரெஸ்ட் கயவனே ஆனாலும் இந்த ஒரு குற்றத்தைச் செய்யவில்லை. அது நமக்கும் தெரியும், பாண்டுக்கும் தெரியும்.

பாண்ட் படங்களில் முதன்முறையாக பிரிட்டன் சென்சார் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை என்று சான்றிதழ் கொடுத்தது இதற்குத்தான், அதுவும் சில இடங்களை வெட்டிய பிறகு. குடும்பத்தோடு போய் பாப்கார்ன் சாப்பிட்டுப் பார்க்கும் தொடருக்கு அது பெரிய அடி.

சண்டைக்காட்சிகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் டேங்கர் லாரி ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். செலவு கட்டுப்படியாகாமல் லண்டன் பைன்வுட்டை விட்டு மெக்சிகோ நகரத்தின் சுருபுஸ்கோ ஸ்டுடியோவுக்குப் போனார்கள். கடைசித் துரத்தல் மெஹிகாலிக்குப் பக்கத்தில் லா ருமொரோசா மலைச்சாலையில். அதில் ஒரு கென்வொர்த் டேங்கர் ஒரு பக்கச் சக்கரங்களில் மட்டும் சாய்ந்து ஓடும். ஏவுகணை அடியில் புகுந்து போகும். சாய்ப்பதற்கென்று ஒரு சாதனத்தைத் தயாரித்து வைத்திருந்தார்களாம். பிரெஞ்சு ஸ்டண்ட் ஓட்டுநர் ரெமி ஜூலியன் அது வேண்டாம் என்று தானே சாய்த்து ஓட்டிக் காட்டினார். கணினி வித்தை கிடையாது. மூச்சடக்கிப் பார்க்க வேண்டிய பத்து நிமிடம். இருபத்தோரு வயது பெனிசியோ டெல் டோரோ அடியாள் டாரியோவாகச் சிரித்துக்கொண்டே வருவதையும் பாருங்கள். பின்னாளில் ஆஸ்கர் வாங்கும் ஆள் என்று அப்போதே தெரிகிறது.

துரத்தலின் முடிவில் இரண்டு பேரும் பெட்ரோலில் நனைந்து தரையில் கிடக்கிறார்கள். சான்செஸ் வெட்டுக்கத்தியை ஓங்குகிறான். உனக்கு எல்லாமே கிடைத்திருக்குமே என்று அவன் சொல்லும்போது கோபத்தைவிட மனக்குறைதான் அதிகம் கேட்கிறது. நண்பன் ஏமாற்றிய குறை. பாண்ட் கேட்கிறார்: ஏன் என்று தெரிய வேண்டாமா? ஓங்கிய கை நிற்கிறது. அவனுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. விசுவாசத்தை நம்பி வாழ்ந்தவன், துரோகத்துக்குக் காரணம் தெரியாமல் வெட்ட மாட்டான். பாண்ட் பையில் இருந்து எடுப்பது கல்யாணத்தன்று ஃபீலிக்ஸும் டெல்லாவும் பெயர் பொறித்துக் கொடுத்த சிகரெட் லைட்டர். அவன் படித்து முடிக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. எரிந்துபோகிறவன் அந்த ஃபீலிக்ஸ் யார் என்று புரிந்துகொண்டானா என்பதே சந்தேகம்.

பாண்ட் பாறையோரம் ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கிறார். முகத்தில் வெற்றி இல்லை. இங்கே படம் முடிந்திருந்தால் நான் யாரோடும் சண்டை போட வேண்டியிருக்காது.

முடியவில்லை. அடுத்த காட்சி விருந்து. ஃபீலிக்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்து போனில் பேசுகிறார். மனைவி செத்து எத்தனை நாளாயிற்று? காலும் போயாயிற்று. மனிதர் சிரித்துக்கொண்டே, எம் உனக்கு வேலை வைத்திருக்கிறாராம், சீக்கிரம் மீன்பிடிக்கப் போவோம் என்கிறார். பிறகு பாண்ட் நீச்சல்குளத்தில் குதிக்கிறார், பக்கத்தில் இருக்கும் மீன் சிலை கண்ணடிக்கிறது. ஆமாம், சிலை. இரண்டு மணி நேரம் கட்டியதன்மேல் தாங்களே தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள். 1988 எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் மைபாம் பாதியில் விலக வேண்டி வந்தது, வில்சன்தான் திரைக்கதையை முடித்தார். ஆனால் இந்த முடிவுக்கு வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. பயம்தான். ரசிகர் பழைய பாண்டைத் தேடுவார், அவரை எப்படியாவது கடைசி நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்ற பயம்.

பயந்தும் பலனில்லை. 1989 கோடையில் ‘பேட்மேன்’, ‘இண்டியானா ஜோன்ஸ்’ மூன்றாம் பாகம், ‘லீதல் வெப்பன் 2’ எல்லாம் வரிசைகட்டி நின்றன. அமெரிக்காவில் சுமார் 3.5 கோடி டாலர்தான் தேறியது. உலகம் முழுக்கச் சேர்த்து 15.6 கோடி. போட்ட 3.2 கோடிக்கு அது நஷ்டமில்லை, ஆனாலும் முந்தைய படத்தைவிடக் குறைவு. அதோடு உரிமை தொடர்பான வழக்குகளில் தொடர் மாட்டிக்கொண்டது. டால்டன் 1994இல் விலகிக்கொண்டார்.

2008இல் டேனியல் கிரேக்கின் ‘குவாண்டம் ஆஃப் சொலஸ்’ மறுபடி பழிவாங்கல் கதையைக் கையில் எடுத்தது. விசித்திரம், அதுவும் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் சிக்கிய படம். அதன் கடைசியில் பாண்ட் தன் காதலியை ஏமாற்றிச் சிக்கவைத்தவனைக் கண்டுபிடித்தும் கொல்லாமல் ஒப்படைத்துவிட்டு வருகிறார். கண்ணியமான முடிவு. எனக்கென்னவோ 1989 பாண்ட்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாகப் படுகிறது. அந்த லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எவனையும் ஒப்படைக்கிற நிலையில் அவர் இல்லை.

நடுவில் 1995இல் பியர்ஸ் பிராஸ்னனோடு தொடர் திரும்பி வந்ததே, ‘கோல்டன் ஐ’, அதிலும் பழிவாங்கல் உண்டு. பெற்றோருக்கு பிரிட்டன் செய்த துரோகத்துக்காக லண்டனையே சீரழிக்கத் துடிக்கும் முன்னாள் உளவாளி 006. அந்த ஆத்திரத்தைத் தயாரிப்பாளர்கள் இந்த முறை பத்திரமாக வில்லனிடமே கொடுத்துவிட்டார்கள். பாண்ட் மேலிடம் அனுப்பிய வேலையாக ரஷ்யாவுக்குக் கிளம்பிவிட்டார். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.